அரிசி மேல் தப்பில்லை: ஓரியோல்ஸ் டிராஃப்ட் அறைக்கு ஒரு திறந்த மடல்

பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் பேஸ்பால் பிரிவுத் தலைவர் மைக் எலையஸ் அவர்களுக்கும், ஒவ்வொரு ஜூலையும் புது ஆட்டக்காரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் அறையில் அவரைச் சுற்றி உட்காருகிறவர்களுக்கும்,

வணக்கம். இந்த மடலை நீங்கள் யாரும் படிக்கப் போவதில்லை என்று தெரியும், தமிழில் எழுதினால் எப்படிப் படிப்பீர்கள். ஆனால் ஓரியோல்ஸின் மைதானமான கேம்டன் யார்ட்ஸ் மேல் அடுக்கில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "இந்த டீமுக்குப் பந்து போட ஏன்ப்பா ஆளே இல்லை?" என்று ஒவ்வொரு கோடையும் கேட்கிற தமிழ் நண்பர்கள் பத்துப் பேராவது இருக்கிறார்கள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள், பவுலர் இல்லாமல் மேட்ச் ஜெயிக்க முடியாது என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, அதனால் உங்களுக்கே எழுதுகிறேன், அவர்கள் கூடவே படித்துக்கொள்ளட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் உங்களைத் திட்டுவதற்கென்றே உட்கார்ந்தவன் இல்லை. 2018இல் இந்த அணி 115 ஆட்டங்கள் தோற்றது. அந்த வருட நவம்பரில் ஹியூஸ்டனில் இருந்து நீங்கள் வந்தீர்கள். அடுத்த வருடம் 108 தோல்வி, 2021இல் 110 தோல்வி, அப்போதெல்லாம் மைதானத்தில் எங்கே வேண்டுமானாலும் காலை நீட்டிப் படுத்துக்கொண்டே பார்க்கலாம், அவ்வளவு காலி. பொறுத்துக்கொண்டோம். 2023இல் 101 வெற்றி வந்தது. அந்த வெற்றிகளை யார் தந்தார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும்: 2019இல் நாட்டிலேயே முதல் ஆளாக எடுத்த அட்லி ரட்ச்மன், அதே டிராஃப்டில் 42ஆவது ஆளாக எடுத்த கன்னர் ஹெண்டர்சன். அப்புறம் வெஸ்ட்பர்க், கௌசர், 2022இல் மறுபடியும் முதல் இடத்தில் ஜாக்சன் ஹாலிடே. எல்லாரும் பேட்டர்கள். பேட்டரைப் பார்த்தவுடன் எடை போடுகிற கண் உங்களுக்கு இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை.

என் சந்தேகம் வேறு. 2019 முதல் 2025 வரை ஏழு டிராஃப்ட் நடத்திவிட்டீர்கள், முதல் ரவுண்டில் ஒரே ஒரு பிட்ச்சரை (பந்து எறிகிறவரை) கூட எடுக்கவில்லை. 2025இல் உங்களுக்கு முதல் 37 தேர்வுகளுக்குள்ளேயே நாலு வாய்ப்பு இருந்தது, நாலும் பேட்டர்கள்தான். உங்கள் காலத்தில் மிக உயரத்தில் எடுக்கப்பட்ட பிட்ச்சர் யார் என்று பார்த்தால் அதே 2025இல் 58ஆவது ஆளாக வந்த ஜோசப் ட்ஸியர்வா. அதற்கு முன்னால் அந்தப் பெருமை 2023இல் 63ஆவதாக வந்த ஜாக்சன் பாமைஸ்டருக்கு. 58, 63 என்று எண்ணிக்கொண்டு போகிற இடத்தில்தான் உங்களுக்குப் பந்து எறிகிறவன் கண்ணில் படுகிறான்.

(நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. இது ஐபிஎல் ஏலம் மாதிரி இல்லை. இங்கே பையனுக்கு எந்த ஊருக்குப் போவது என்று கேட்க உரிமை கிடையாது, தோற்ற அணிகளுக்கு முன்வரிசை, பள்ளி முடித்தவர்கள், கல்லூரியில் ஆடுகிறவர்கள் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுப்பார்கள், இப்போது மொத்தம் 20 ரவுண்டு. ஒவ்வொரு இடத்துக்கும் லீக் ஒரு தொகை குறித்து வைத்திருக்கும், எல்லாம் சேர்ந்ததுதான் அணியின் மொத்தப் பை. ஒருவருக்குக் குறைத்துக் கொடுத்தால் இன்னொருவருக்குக் கூட்டிக் கொடுக்கலாம். அப்படி எடுக்கப்பட்டவர்கள் நேரே பெரிய மைதானத்துக்கு வர மாட்டார்கள், மைனர் லீகில் இரண்டு மூன்று வருடம் பஸ்ஸில் சுற்றிவிட்டுத்தான் வருவார்கள், பாதிக்கு மேல் வரவே மாட்டார்கள்.)

நீங்கள் ஏன் இப்படி ஆனீர்கள் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஹியூஸ்டனில் டிராஃப்ட் பொறுப்பில் இருந்தபோது உங்கள் கையில் இரண்டு முறை முதல் தேர்வு இருந்தது, இரண்டு முறையும் பிட்ச்சர். 2013இல் ஸ்டான்ஃபோர்டின் மார்க் ஆப்பெல். அவருக்கு அடுத்த ஆளாக சிகாகோ எடுத்தது கிரிஸ் பிரையன்ட், 2016இல் அவர் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினார், லீகின் இறுதிக் கோப்பையான உலகத் தொடரும் ஜெயித்தார். ஆப்பெல் ஹியூஸ்டனுக்காக ஒரு பந்து கூட எறியாமல் வேறு அணிக்குப் போய், ஆட்டத்தையே விட்டுவிட்டு, திரும்பி வந்து, 2022இல்தான் ஃபிலடெல்ஃபியாவுக்காகப் பெரிய லீகில் கால் வைத்தார். 2014இல் பள்ளிக்கூடப் பையன் பிரேடி எய்க்கன். மருத்துவப் பரிசோதனையில் முழங்கைத் தசைநார் பற்றிச் சந்தேகம் வந்து, போனஸ் தொகையில் இழுபறியாகி, கடைசியில் கையெழுத்தே ஆகவில்லை. மறு வருடம் அந்தப் பையனுக்கு அறுவை சிகிச்சையே ஆனது, பெரிய லீகுக்கு அவர் வந்து சேரவே இல்லை. எய்க்கனை இழந்ததற்கு ஈடாகக் கிடைத்த தேர்வில் 2015இல் நீங்கள் எடுத்தவர் அலெக்ஸ் பிரெக்மன், ஒரு பேட்டர், அவர் கோப்பை வாங்கித் தந்தார். இத்தனையும் பக்கத்தில் இருந்து பார்த்த மனிதனுக்கு முழங்கை என்றாலே வயிற்றில் புளி கரைப்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது.

அதோடு நீங்கள் வந்து சேர்ந்த வீடும் சரியில்லாத வீடு. உங்களுக்கு முன்னால் இங்கே இருந்தவர்கள் நேர் எதிர், பிட்ச்சர் பிட்ச்சர் என்று அலைந்தவர்கள். 2008இல் நாலாவது தேர்வில் பிரையன் மாட்டஸ். எட்டே வருடத்தில், அவர் சம்பளத்தைத் தூக்கிச் சுமக்க இன்னொரு அணி ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதற்காக ஒரு டிராஃப்ட் தேர்வையும் கூடச் சேர்த்துக் கொடுத்து அனுப்பினார்கள். 2009இல் ஐந்தாவது தேர்வில் மேட் ஹாப்குட், பெரிய லீகை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆறாவதாகப் போனது யார் தெரியுமா, சாக் வீலர். 2011இல் நாலாவது தேர்வில் டிலன் பண்டி, 19 வயதிலேயே மேலே வந்தார், மறு கோடையில் முழங்கையைக் கிழித்துத் தைத்தார்கள். 2012இல் கெவின் காஸ்மன்.

இங்கேதான் நான் உங்களோடு பிரிகிறேன். இந்தப் பட்டியலைப் பார்த்து "பிட்ச்சர்களை உயரத்தில் எடுக்கக்கூடாது" என்று ஒரு பாடம் எழுதிக்கொண்டீர்கள். எனக்கு அதில் வேறு ஒன்று தெரிகிறது. காஸ்மன் இங்கிருந்து போன பிறகு சான் ஃபிரான்சிஸ்கோவிலும் டொராண்டோவிலும் என்ன ஆனார் என்று பாருங்கள், 2023இல் வருடத்தின் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது வாக்குகளில் மூன்றாவது இடம். 2007இல் ஐந்தாவது ரவுண்டில் எடுத்த ஜேக் அரியெட்டா இங்கே இருந்த வரை ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியாக ஐந்தரை ரன் கொடுத்துக்கொண்டிருந்தார், உடம்பின் குறுக்கே கால் வைத்து எறிகிற அவருடைய இயல்பான பாணியை மாற்று மாற்று என்று குடைந்து எடுத்தார்கள். 2013இல் சிகாகோவுக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே "உன் இஷ்டப்படி எறி" என்றார்கள். 2015இல் 22 வெற்றி, சராசரி 1.77, சை யங் விருது. பண்டியின் மிக நல்ல பந்து கட்டர் (கடைசி நொடியில் லேசாக விலகும் வேகப்பந்து), அதை எறியாதே என்று மைனர் லீகில் தடுத்தது இதே அலுவலகம்தான். ஜாஷ் ஹேடர் மேரிலாந்துப் பையன், இங்கிருந்து காரில் அரை மணி நேரத் தூரத்தில் மில்லர்ஸ்வில்லில் வளர்ந்தவர், 2012இல் 19ஆவது ரவுண்டில் எடுத்தார்கள், மறு வருடமே பட் நாரிஸுக்காகக் கொடுத்துவிட்டார்கள். எடுவார்டோ ரோட்ரிகெஸ், சாக் டேவிஸ், எல்லாரும் போன இடத்தில் பிழைத்துக்கொண்டார்கள்.

ஆக, அரிசி நல்ல அரிசிதான். இங்கே வடித்தால் குழைந்துபோகிறது, அடுத்த வீட்டில் வடித்தால் பூவாய் உதிர்கிறது. அப்படியானால் எதை மாற்ற வேண்டும், அரிசிக் கடையையா, அடுப்பையா? நீங்கள் வந்து கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டீர்கள்.

வேடிக்கை என்னவென்றால் அடுப்பையும் நீங்கள்தான் மாற்றினீர்கள், நன்றாகவே மாற்றினீர்கள். ஹியூஸ்டனில் இருந்து கிரிஸ் ஹோல்ட்டைக் கூட்டிவந்து மைனர் லீக் முழுக்க ஒரே முறையைக் கொண்டுவந்தது, பந்து கையை விட்டுப் போகிற நொடியை அதிவேகக் கேமராவில் பிடித்து, எத்தனை முறை சுழல்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒவ்வொரு பையனுக்கும் காட்டியது, இதெல்லாம் முன்னால் இங்கே கிடையாது. பலனும் கண்ணெதிரே இருக்கிறது. கைல் பிராடிஷ் ஏஞ்சல்ஸ் 2018இல் நாலாவது ரவுண்டில் எடுத்த பையன், பண்டியைக் கொடுத்து வாங்கிய நாலு பேரில் ஒருவர். இங்கே வந்து சிங்கர், ஸ்லைடர் என்ற இரண்டு வகைப் பந்துகளை முன்னால் வைத்து எறியப் பழகினார், 2023இல் சராசரி 2.83, சை யங் வாக்கில் நாலாம் இடம். டைலர் வெல்ஸை மினசோட்டா பாதுகாக்காமல் விட்டதால் ரூல் 5 என்ற தனி டிராஃப்டில் தூக்கினீர்கள். டிரெவர் ராஜர்ஸ் 2024இல் வந்த புதிதில் பார்க்கவே பாவமாக இருந்தது, நாலே ஆட்டத்தில் மைனர் லீக் அணியான நார்ஃபோக்குக்குத் திருப்பி அனுப்பினீர்கள், மறு வருடம் 18 ஆட்டங்களில் சராசரி 1.81. பிராண்டன் யங்கை 2020இல் யாருமே டிராஃப்டில் எடுக்கவில்லை, ஐந்தே ரவுண்டு நடந்த கொரோனா வருடம் அது, நீங்கள் அதன் பிறகு கையெழுத்து வாங்கினீர்கள். 2025 ஆகஸ்டில் ஹியூஸ்டனில், எட்டாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் ஆகும் வரை ஒரு ஆளைக் கூட பேஸுக்கு விடவில்லை அந்தப் பையன். எட்டிய தூரத்தில் இருந்த பெர்ஃபெக்ட் கேமைக் கெடுத்தது யார் என்றால் நம்மிடம் இருந்து அங்கே போன ரமோன் உரியாஸ். அதை இன்னொரு நாள் அழுதுகொள்கிறேன்.

யாரும் தொடாத பையனை வைத்தே இவ்வளவு செய்கிற அடுப்பு இது. அதில் ஒரு தடவையாவது நல்ல அரிசியைப் போட்டுப் பார்க்க மாட்டீர்களா?

உங்கள் பதில் தெரியும். கணக்கு. பிட்ச்சர் உடைவான், பேட்டர் நிற்பான், முதல் ரவுண்டுப் பணத்தை உடைகிற பொருளில் போடக்கூடாது. கணக்கு தப்பு என்று நான் சொல்லமாட்டேன். 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் என்பவர் டாமி ஜானின் முழங்கையில் வேறு இடத்துத் தசைநாணை எடுத்து வைத்துத் தைத்தபோது அது ஒரு அதிசயம், இப்போது அந்த அறுவை சிகிச்சையைப் பள்ளிக்கூடப் பையன்களே செய்துகொண்டு வருகிறார்கள். 2008இல் லீகின் சராசரி ஃபாஸ்ட்பால் வேகம் மணிக்கு 91.3 மைல், 2024இல் 94.2 மைல். மனிதனின் முழங்கை அந்த 16 வருடத்தில் மாறவில்லை, வேகம் மட்டும் ஏறிக்கொண்டே போனால் எங்காவது கிழியத்தானே செய்யும். 2011இல் முதல் நாலு தேர்வும் பிட்ச்சர்கள், கோல், ஹல்ட்சன், பாவர், பண்டி. அதில் ஹல்ட்சனின் தோள் போயே போய்விட்டது, எட்டாவதாகப் போனவர் ஃபிரான்சிஸ்கோ லிண்டோர். 2020இல் நீங்கள் இரண்டாவதாக கெர்ஸ்டாட்டை எடுத்தபோது நானே கத்தினேன், மேக்ஸ் மேயரும் ஏசா லேசியும் அங்கே இருக்கும்போது இது யார் என்று. மேயருக்கு முழங்கை அறுவை சிகிச்சை ஆனது, லேசிக்குப் பந்து எங்கே போகிறது என்றே தெரியாமல் போனது. அந்த நாள் நீங்கள் சரி, நான் தப்பு. கெர்ஸ்டாட்டுக்குக் குறைத்துக் கொடுத்து மிச்சம் பிடித்த பணத்தில்தான் நாலாவது ரவுண்டில் கோபி மேயோவுக்கு 17.5 லட்சம் டாலர் கொடுக்க முடிந்தது, அதுவும் கெட்டிக்காரத்தனம்தான். (கெர்ஸ்டாட்டுக்கு இதயத் தசையில் அழற்சி வந்து 2021 சீசன் முழுக்கப் போனது வேறு கதை. பேட்டரும் மனிதன்தானே.)

ஆனால் உடைகிற பொருளை வாங்கவில்லை என்பதால் உடைசல் நம் வீட்டுக்கு வராமல் இருந்ததா? ஜான் மீன்ஸ், 2014இல் 11ஆவது ரவுண்டில் வந்தவர், 2021 மே 5ஆம் தேதி சியாட்டிலில் நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்காத ஆட்டம்) எறிந்தார், ஓரியோல்ஸில் ஒருவர் தனியாக அதைச் செய்தது 1969இல் ஜிம் பாமருக்குப் பிறகு அதுதான் முதல் முறை. மறு ஏப்ரலில் முழங்கை. ஃபீலிக்ஸ் பௌடிஸ்டா, 2023இல் யாராலும் தொட முடியாத குளோசர் (கடைசி இன்னிங்ஸை முடித்து வைக்கிறவர்), அந்த ஆகஸ்டிலேயே முழங்கை. 2024 ஜூனில் பிராடிஷ், அதே மாதம் வெல்ஸ். கிரேசன் ராட்ரிகெஸ் 2025 சீசன் ஆட்டங்களில் ஒரு பந்து கூட எறியவில்லை. டிராஃப்ட், டிரேட், வெளிநாட்டு ஒப்பந்தம் என்று எந்த வாசலில் வந்தாலும் கை ஒன்றுதான். ஆபத்தை நீங்கள் தவிர்க்கவில்லை, நமக்கு மாற்று ஆள் இல்லாத ஒரு நிலைமைக்கு அதைக் கொண்டுவந்து வைத்தீர்கள். பிட்ச்சர் உடைவான் என்பது உண்மை என்றால், அதற்கு மருந்து நிறையப் பிட்ச்சர்களை வைத்திருப்பது. பானை உடையும் என்று தெரிந்தவள் வீட்டில் நாலு பானை வாங்கி அடுக்குவாள்.

நமக்கு அடுக்கு இல்லாததால் என்ன ஆனது? 2023 பிளேஆஃப். டெக்சஸோடு இரண்டாவது ஆட்டத்திலும் மூன்றாவது ஆட்டத்திலும் நம் ஸ்டார்ட்டர்கள் (ஆட்டத்தைத் தொடங்கி எறிகிறவர்கள்) இரண்டாவது இன்னிங்ஸையே முடிக்கவில்லை. 101 ஆட்டம் ஜெயித்த அணி மூன்றே ஆட்டத்தில் வீட்டுக்கு. (2024இல் கேன்சஸ் சிட்டியோடு 1-0, 2-1 என்று தோற்றதற்குப் பிட்ச்சர்களைச் சொல்லமாட்டேன், அங்கே நம் பேட்டர்கள் எல்லாரும் சேர்ந்து இரண்டு ஆட்டத்தில் அடித்தது ஒரே ரன்.) 2025இல் சந்தையில் போய் 41 வயது சார்லி மார்ட்டனை 1.5 கோடி டாலருக்கும், 35 வயது சுகானோவை 1.3 கோடி டாலருக்கும் வாங்கி வந்தீர்கள். மார்ட்டன் வாங்கிய அடி எல்லாருக்கும் நினைவிருக்கும். மே 17ஆம் தேதி மேனேஜர் பிராண்டன் ஹைட் வேலை போனது. 75 வெற்றி, 87 தோல்வி, பிரிவில் கடைசி. ஹைட் ஒன்றும் டிராஃப்ட் அறையில் உட்கார்ந்தவர் இல்லை.

வீட்டில் சமைக்காதவன் ஹோட்டலில் சாப்பிட வேண்டும், ஹோட்டல் பில்லைப் பார்ப்போமா? கார்பின் பர்ன்ஸ் ஒரே ஒரு வருடத்துக்கு வந்தார். அதற்குக் கொடுத்தது ஜோயி ஓர்ட்டிஸ், டிஎல் ஹால், கூடவே 34ஆவது தேர்வு. நன்றாக எறிந்தார், 15 வெற்றி, சராசரி 2.92, எனக்குக் குறை இல்லை, ஆனால் சீசன் முடிந்ததும் அரிசோனாவுக்கு 21 கோடி டாலருக்குப் போய்விட்டார். ராஜர்ஸுக்காகக் கொடுத்தது ஸ்டவர்ஸும் நார்பியும், ஸ்டவர்ஸ் 2025இல் மயாமிக்காக ஆல்-ஸ்டார். பிட்ச்சர் எஃப்லினுக்காகக் கொடுத்த மூவரில் ஒருவர் அந்த 63ஆவது தேர்வு பாமைஸ்டர், அதாவது அதுவரை நீங்கள் மிக உயரத்தில் எடுத்திருந்த பிட்ச்சரையே, ஒரு வருடம் கழித்து, இன்னொரு பிட்ச்சரை வாங்கக் கொடுத்தீர்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 2025 நவம்பரில் ராட்ரிகெஸைக் கொடுத்து டெய்லர் வார்டை வாங்கினீர்கள், அதுவும் பேட்டர், ஒப்பந்தத்தில் மிச்சம் ஒரே வருடம். அடுத்த மாதமே பிட்ச்சர் வேண்டும் என்று டாம்பா பேயிடம் போய் ஷேன் பாஸை வாங்கினீர்கள். அதற்கு நாலு பையன்களும் ஒரு டிராஃப்ட் தேர்வும். அந்த நாலில் இரண்டு பேர், போடினும் டி புரூனும், அதே 2025 டிராஃப்டில் ஐந்து மாதத்துக்கு முன் எடுத்தவர்கள். பர்ன்ஸும் பேட்டர் சான்டாண்டரும் போனதற்கு ஈடாகக் கிடைத்த இரண்டு தேர்வுகளில் ஒன்றில் வந்தவர் போடின். பாஸுக்கும் 2022இல் முழங்கை அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. பயந்து ஓடிய அதே முழங்கையை, நாலு பேரைக் கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள்.

நான் கேட்பது முதல் ரவுண்டில் 18 வயதுப் பையன் ஒருவன் 100 மைல் எறிகிறான் என்று குதியுங்கள் என்பதல்ல. ஏஞ்சல்ஸ் 2021இல் 20 ரவுண்டிலும் 20 பிட்ச்சர்களை எடுத்தார்கள், அதனால் அவர்கள் ஒன்றும் கோப்பை வாங்கிவிடவில்லை, எண்ணிக்கை மட்டும் சோறு போடாது. அதே வருடம் கிளீவ்லாந்து 21 தேர்வில் 19 பிட்ச்சர்களை எடுத்தது, அதைத்தான் பார்க்கச் சொல்கிறேன். அவர்கள் தேடுவது வேகத்தை அல்ல, பந்தை நினைத்த இடத்தில் போடத் தெரிந்த கல்லூரிப் பையனை. கட்டுப்பாடு கையோடு வரவேண்டும், வேகத்தை நாங்கள் ஏற்றிக்கொள்கிறோம் என்பது அவர்கள் வழி. அந்த 2021இல் ஐந்தாவது ரவுண்டில் வந்தவர் டேனர் பைபி. கலிஃபோர்னியாவில் கல்லூரியில் சாதாரண வேகம்தான், இரண்டே வருடத்தில் பெரிய லீகில் 95 மைலைத் தொட்டுக்கொண்டிருந்தார். 2023இல் அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம் விருதில் நம் ஹெண்டர்சன் முதலிடம், இரண்டாம் இடம் யார்? பைபி. உங்கள் பள்ளியின் முதல் மாணவனும் அவர்கள் பள்ளியின் முதல் மாணவனும் ஒரே மேடையில். அவர்களுக்கு முன்னால் ஷேன் பீபர், சாண்டா பார்பராவில் உதவித்தொகை கூட இல்லாமல் அணியில் சேர்ந்தவர், 2016இல் நாலாவது ரவுண்டு, 2020இல் சை யங்.

இந்த நாலாவது ரவுண்டு என்பது ஒரு தமாஷான இடம். பீபர் நாலாவது ரவுண்டு. பர்ன்ஸ் நாலாவது ரவுண்டு, அதே 2016. கோரி குளூபர் நாலாவது ரவுண்டு. ஸ்பென்சர் ஸ்டிரைடர் நாலாவது ரவுண்டு. நம் பிராடிஷே ஏஞ்சல்ஸின் நாலாவது ரவுண்டு என்று மேலே சொன்னேன். 2019 முதல் 2022 வரை உங்கள் நாலாவது ரவுண்டு: ஓர்ட்டிஸ், மேயோ, வில்லியம்ஸ், ஆர்டோயின். ஷார்ட்ஸ்டாப், மூன்றாம் பேஸ், அவுட்ஃபீல்டு, கேட்சர். அந்த ஓர்ட்டிஸைத்தான் மில்வாக்கிக்குக் கொடுத்து அவர்களுடைய நாலாவது ரவுண்டு பர்ன்ஸை வாங்கினீர்கள், அதுவும் ஹாலையும் ஒரு தேர்வையும் மேலே போட்டு. இன்னும் கீழே போனால் ஒன்பதாவது ரவுண்டில் டிகிராம், ஒன்பதாவது ரவுண்டில் ஸ்கூபல், ஆளுக்கு இரண்டு சை யங் விருது. முதல் ரவுண்டில் நீங்கள் பேட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு அதில் சண்டையே இல்லை. இரண்டில் இருந்து ஐந்து வரை இருக்கிறதே, அந்த இடத்தில் கட்டுப்பாடு உள்ள கல்லூரிப் பிட்ச்சர்களை வருடத்துக்கு மூன்று பேர் எடுங்கள். மூன்றில் இரண்டு உடையும். ஏழு வருடம் அப்படிச் செய்திருந்தால் உடைந்தது போக ஏழு பேர் இருந்திருப்பார்கள், ஒரு அணிக்கு ஸ்டார்ட்டர்கள் வேண்டியது ஐந்து பேர்.

எடுத்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதற்கு நீங்கள் வெளியூர் போகவே தேவையில்லை. 1971இல் ஒரே சீசனில் நாலு பேர் 20 வெற்றி வாங்கிய ஊர் இது, பாமர், குயெய்யார், மெக்நாலி, டாப்சன். மேனேஜர் ஏர்ல் வீவர் காலத்தில் புதுப் பையனை எடுத்தவுடன் ஸ்டார்ட்டராக நிறுத்தி அடி வாங்க விடமாட்டார்கள், லாங் ரிலீஃபில் (ஸ்டார்ட்டருக்குப் பின் வந்து சில இன்னிங்ஸ் எறிகிற வேலை) போட்டு, மூன்று இன்னிங்ஸ் நாலு இன்னிங்ஸ் என்று பெரிய லீக் பேட்டர்களைப் பார்க்க வைத்து, பிறகுதான் ஸ்டார்ட் கொடுப்பார்கள். இப்போது நார்ஃபோக்குக்கும் பால்டிமோருக்கும் நடுவே பையன்கள் வாரத்துக்கு ஒரு முறை பெட்டி தூக்குகிறார்கள்.

ஒரு ஞாபகம். 2021 கோடையில் நம் மைனர் லீக் அணி ஆடும் பூயி மைதானத்துக்குப் போயிருந்தேன் (எழுத்தைப் பார்த்து போவி என்று சொன்னால் பக்கத்தில் இருப்பவர் திருத்துவார்). ராட்ரிகெஸ் எறிந்தார். பெரிய லீக் மைதானத்தில் பார்ப்பது போல இல்லை அங்கே, தடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம், பந்து கேட்சர் கையில் விழுகிற சத்தம் நெஞ்சில் கேட்டது. என் மகனுக்கு அப்போது ஏழு வயது, "அப்பா, இவர் எப்போ பெரிய டீமுக்கு வருவார்?" என்றான். வந்தார், 2023இல். 2024இல் 13 வெற்றி. இப்போது அனஹைமில் இருக்கிறார். அவன் இன்னும் அந்த 30ஆம் எண் ஜெர்சியை அலமாரியில் வைத்திருக்கிறான், சின்னதாகிவிட்டது, கொடுக்கவும் மாட்டேன் என்கிறான். ராட்ரிகெஸின் கை இனி தேறுமா தேறாதா என்பது எனக்கும் தெரியாது, உங்கள் மருத்துவர்கள் பார்த்த படத்தை நான் பார்க்கவில்லை, ஒருவேளை நீங்கள் செய்தது சரியாகவே கூட இருக்கலாம். ஆனால் முதல் ரவுண்டில் வந்து இங்கேயே வளர்ந்த கடைசி பிட்ச்சர் அவர்தான், அவரை எடுத்ததும் உங்களுக்கு முந்தைய ஆட்கள், 2018இல் 11ஆவது தேர்வில். அவருக்குப் பின்னால் வரிசையில் யாரும் நிற்கவில்லை.

டொராண்டோவைப் பாருங்கள், நம் பிரிவுக்காரர்கள். 2024இல் 20ஆவது தேர்வில் டிரே யெசாவேஜ் என்ற கல்லூரிப் பையனை எடுத்தார்கள். இரண்டு இடம் தள்ளி 22ஆவதில் நீங்கள் வான்ஸ் ஹனிகட்டை எடுத்தீர்கள், யெசாவேஜ் உங்கள் முறை வருவதற்குள் போய்விட்டார், அதற்கு உங்களைக் குறை சொல்லமுடியாது. ஆனால் அவர் 22ஆவது வரை வந்திருந்தால்? நீங்கள் எடுத்திருப்பீர்களா? ஏழு வருடத்தைப் பார்த்தவன் யாரும் ஆமாம் என்று சொல்லமாட்டான். 2025இல் மைனர் லீகின் அடித்தட்டில் சீசனைத் தொடங்கிய அந்தப் பையன் அக்டோபர் முடியும்போது உலகத் தொடரில் ஒரே ஆட்டத்தில் 12 பேரை ஸ்டிரைக் அவுட் செய்துகொண்டிருந்தார். புதுமுகம் ஒருவர் உலகத் தொடரில் அதுவரை அத்தனை எடுத்ததில்லை.

இன்னொரு விஷயம், இதை டிராஃப்ட் அறையில் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நம்புகிறேன். 2022இல் கேம்டன் யார்ட்ஸின் இடதுபக்கச் சுவரைப் பின்னால் தள்ளி உயர்த்தினீர்கள், ரசிகர்கள் வால்டிமோர் என்று பெயர் வைத்தார்கள், பிட்ச்சர்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். 2025க்கு அதில் பாதியைத் திரும்ப முன்னால் இழுத்தீர்கள். பேட்டருக்கு வசதியான மைதானத்துக்கு நல்ல பிட்ச்சர் எவனும் விரும்பி வரமாட்டான், அதிக விலை கேட்பான். பிட்ச்சரைச் சந்தையில் வாங்கியே பிழைப்போம் என்று முடிவெடுத்த அணி, பிட்ச்சர்களுக்குப் பிடிக்காத மாதிரி வீட்டைத் திருத்துமா? சொந்தமாக வளர்க்கிற அணிக்குத்தான் இந்தச் சுவர் பரவாயில்லை, ஏனென்றால் டிராஃப்டில் வருகிற பையனுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை.

சரி, கடைசியாக ஒரு சின்னக் கோரிக்கை, பெரியதெல்லாம் மேலே சொல்லிவிட்டேன். ட்ஸியர்வா. மிச்சிகன் ஸ்டேட்டில் ஆடிய இடதுகைக்காரர், வேகத்தால் மிரட்டுகிறவர் அல்ல, நினைத்த இடத்தில் போடுகிறவர், கிளீவ்லாந்து தேடுகிற மாதிரியான பையன். 58ஆவது தேர்வு, உங்கள் காலத்தின் மிக உயர்ந்த பிட்ச்சர். பாமைஸ்டருக்கு நடந்தது நினைவிருக்கிறது, ஜூலை மாதக் கடைசியில் யாருக்கோ ஒரு ஸ்டார்ட்டர் தேவைப்பட்டது, ஃபோன் வந்தது, பையன் பெட்டியைக் கட்டினான். இந்த ஜூலையிலும் யாராவது உடைவார்கள், நீங்களும் யாரையாவது கூப்பிடுவீர்கள், எதிர்முனையில் இருப்பவர் இவர் பெயரைத்தான் முதலில் கேட்பார். இல்லை என்று சொல்லுங்கள். மகனைக் கூட்டிக்கொண்டு மறுபடி பூயிக்குப் போய், தடுப்புக்குப் பக்கத்தில் நின்று அவர் எறிவதை ஒரு தடவை பார்க்க வேண்டும், அதுவரைக்குமாவது.

இப்படிக்கு,
மேல் அடுக்கில், மூன்றாம் பேஸ் பக்கம் உட்காருகிற ஒருவன்